அரெகிப்பா வெள்ளைக்கல் குவாரி, குலெப்ரியாஸ் கேன்யன் ஒரு நாள் டூர்: அப்பாவை கூட்டிட்டு போலாமா?

கொத்தனார்மகள்:

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர்ல அப்பா அம்மாவோட பெரு போறோம், லிமா, அரெகிப்பா, குஸ்கோ, மாச்சு பிச்சுன்னு பிளான். அரெகிப்பால எங்களுக்கு முழுசா ஒரே ஒரு நாள்தான் கிடைக்குது. எல்லாரும் கோல்கா கேன்யன் போங்க கழுகு பாருங்கன்னு சொல்றாங்க. ஆனா எங்க அப்பா 40 வருஷம் கொத்தனார் வேலை பாத்தவர், திண்டுக்கல் பக்கம் அவர் கட்டாத தெருவே இல்லன்னு சொல்லலாம், அந்த ஊர் முழுக்க எரிமலைக் கல்லுலயே கட்டினதுன்னு நான் ஒரு போட்டோ காட்டினதுல இருந்து "அந்த கல்ல எங்க வெட்றாங்க, எப்படி வெட்றாங்க"ன்னு தினமும் கேக்கறார். தேடிப் பாத்தப்ப சில்லார் ரூட்னு ஒரு டூர் இருக்கு (சில்லார்ங்கறது அந்த எரிமலைக் கல்லோட பேரு), குவாரிய பாத்துட்டு பக்கத்துல ஒரு சின்ன கேன்யனுக்கும் கூட்டிட்டு போறாங்களாம்.

என் கேள்வி: இது உண்மையிலயே கல்லு வெட்டறத பாக்கற மாதிரி இருக்குமா, இல்ல போட்டோ எடுத்துட்டு கிளம்புற இடமா? அப்பாக்கு வயசு 67, வலது முட்டி கொஞ்சம் பிரச்சன, சமதரைல நல்லா நடப்பார், ஏறி இறங்கறதுதான் கஷ்டம். அம்மாக்கு தூசின்னா மூச்சு இழுக்கும். போனவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஊர்சுத்தி82:

சகோதரி, நாங்க 2023 ஜூன்ல போனோம், ரெண்டு டூரும் பண்ணோம், அதனால தைரியமா சொல்றேன்.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துடறேன். கோல்கா கேன்யன் வேற, இந்த டூர்ல வர்ற குலெப்ரியாஸ் கேன்யன் வேற. கோல்கா ஒரே நாள்ல போகணும்னா ராத்திரி 3 மணிக்கு வேன் வந்து கதவ தட்டும், வழில 4,900 மீட்டருக்கு மேல ஏறி இறங்கணும், திரும்பி வர சாயங்காலம் ஆயிடும். நானே அந்த உச்சில வேன விட்டு இறங்கி பத்தடி நடந்ததுக்குள்ள தலை சுத்தி உக்காந்துட்டேன், எனக்கு அப்ப வயசு 41. லிமால இருந்து நேரா வந்து அடுத்த நாளே அப்பா அம்மாவ அங்க கொண்டு போறது நல்லதில்ல. அரெகிப்பா டவுன் 2,300 சொச்சம் மீட்டர், நம்ம ஊட்டிய விட கொஞ்சம்தான் ஒசரம். குவாரியும் அந்த ஒசரத்துலதான், மூச்சு பிரச்சன வராது.

குவாரி டவுன்ல இருந்து அரை மணி முக்கா மணி நேரம், டிராஃபிக்க பொறுத்து. பேரு அஞாஸ்வாய்க்கோ (ஸ்பானிஷ்ல நம்ம ஞ மாதிரியே ஒரு எழுத்து இருக்கு, அதனால தமிழ்ல எழுத ஈசி). ஒரு நீளமான ஓடை மாதிரி பள்ளம், ரெண்டு பக்கமும் வெள்ளச் சுவரு செங்குத்தா நிக்கும், பல தலமுறையா மனுசங்க கையால வெட்டி வெட்டி எடுத்து அப்படி ஆயிருக்கு. நம்மள அசர அடிக்கறது அந்த வெட்டுன தடம்தான், சுவரு பூரா. அந்த சுவத்துலயே டவுன்ல இருக்கற கொம்பஞ்ஞியா சர்ச் முகப்ப பெருசா செதுக்கி வச்சிருக்காங்க, எல்லாரும் அது முன்னாடி நின்னுதான் போட்டோ எடுப்பாங்க.

இப்ப கெட்ட விஷயம். நாங்க போன டூர்ல (பேர் வேண்டாம்) கல்லு வெட்டறவர பாக்க குடுத்தது மொத்தம் 20 நிமிஷம், அதுலயும் கைடு பேசினது பாதி, ஆனா திரும்பி வர்றப்ப ஒரு கம்பளிக் கடைல முக்கா மணி நேரம் நிப்பாட்டிட்டாங்க. எனக்கு இன்னிக்கும் அந்த வருத்தம் இருக்கு. நீங்க புக் பண்றப்பவே குவாரில எவ்ளோ நேரம், கடைக்கு போறீங்களா இல்லையான்னு கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. உங்க அப்பா மாதிரி ஒருத்தர அங்க 20 நிமிஷத்துல கிளப்பறது பாவம்.

சாலைப்பறவை:

என்னங்க இது, பெரு வரைக்கும் போயிட்டு கல்லு குவாரியா? கல்லு நம்ம ஊர்ல இல்லாததா. கோல்கா 3,000 மீட்டருக்கு மேல ஆழம், கொண்டோர் கழுகு தலைக்கு மேல பறக்கும், வாழ்க்கைல ஒரு தடவதான் அந்தப்பக்கம் போவோம், அத விட்டுட்டு இதுக்கு போறது எனக்கு சரியா படல. வேணும்னா கோல்கா பக்கத்துல இருக்கற சிவாய் ஊர்ல ஒரு நைட் தங்கி போங்க.

பாறைமனசு:

சாலைப்பறவை நண்பா, கல்லு நம்ம ஊர்ல இருக்கு, ஆனா இந்த கல்லு இல்ல. நான் ஜியாலஜி படிச்சவன், அரெகிப்பாக்கு வேலை விஷயமா போயி ரெண்டு ஞாயித்துக்கிழமை அந்த குவாரிலயே கழிச்சவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க.

நம்ம கருங்கல் பூமிக்கு அடில மெதுவா ஆறி இறுகுனது, அதனால அவ்ளோ கெட்டி. சில்லார் அப்படி இல்ல. எரிமலை வெடிக்கறப்ப லாவா மட்டும்தான் வரும்னு நெனப்போம், சில வெடிப்புல கொதிக்கற சாம்பலும் நுரைக்கல்லும் வாயுவும் ஒண்ணா கலந்து வெள்ளம் மாதிரி தரையோட தரையா ஓடி வரும், பள்ளத்த எல்லாம் நெரப்பிட்டு அப்படியே படிஞ்சு தன் சூட்டுலயும் வாயுவுலயும் இறுகிடும். அதுக்குப் பேரு இக்னிம்ப்ரைட். அரெகிப்பால வெட்றது சுமார் 16 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வந்த வெள்ளம். டவுன்ல நின்னா கண்ணுக்கு நேரா அழகா கூம்பு மாதிரி தெரியற மிஸ்தி (5,822 மீட்டர்) இதுக்கு காரணம் இல்ல, அது வயசுல ரொம்ப சின்னது. இந்த சாம்பல் வந்தது இப்ப சச்சானி மலை நிக்கற பக்கத்துல இருந்துன்னுதான் ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க.

கல்ல கைல எடுத்தா உங்களுக்கே புரியும், பாத்த அளவுக்கு கனம் இருக்காது, உள்ள சின்ன சின்ன ஓட்டை, நடுநடுவுல நுரைக்கல் துண்டு பழுப்பா தெரியும். நகத்தால கீறினாலே பொடி வரும். கன்னியாகுமரி கேரளா பக்கம் வெட்டுக்கல் பாத்திருப்பீங்க இல்லையா, அந்த செம்மண் கல்ல வெட்டி எடுத்து வீடு கட்டுவாங்களே, வேலை செய்ற விதத்துல அதுக்குதான் இது கிட்ட வரும், கருங்கல்லுக்கு இல்ல. வெள்ளைதான் பிரபலம், ரோஸ் கலர்லயும் இருக்கு, இரும்புச்சத்து சூட்டுல துருப்பிடிச்ச மாதிரி ஆனதுதான் அந்த நெறம். நீங்க போற குலெப்ரியாஸ் கேன்யன்ல அந்த ரோஸ் கலர்தான் பாப்பீங்க.

இவ்ளோ மெதுவான கல்லுல சர்ச்சு கோபுரம் எல்லாம் 300 வருஷம் எப்படி நிக்குதுன்னா, அங்க மழை ரொம்ப கம்மி, பாலைவனம் பக்கத்துல. இதே கல்ல சிரபுஞ்சில வச்சா தாங்காது. ஆனா பூகம்பம்தான் அந்த ஊருக்கு எமன், 1868லயும் பெருசா வந்தது, 2001 ஜூன் 23ல 8.4 அளவுல வந்தப்ப கதீட்ரல் கோபுரம் ஒண்ணு இடிஞ்சே விழுந்துச்சு, அப்பறம் திருப்பிக் கட்டுனாங்க. உங்க அப்பாக்கு இந்தக் கத கண்டிப்பா புடிக்கும், கட்டுனவங்க பூகம்பத்துக்கு பயந்து சுவர எவ்ளோ தடிமனா வச்சிருக்காங்க, கூரைய வளைச்சு எப்படி கட்டிருக்காங்கன்னு அவருக்குதான் நம்மள விட நல்லா தெரியும்.

கொத்தனார்மகள்:

பாறைமனசு அண்ணா, நீங்க எழுதினத அப்பாக்கு சத்தமா படிச்சு காட்டினேன், வெட்டுக்கல்னு சொன்ன உடனே "ஆமா நாகர்கோவில் சைட்ல ஒரு வருஷம் பாத்திருக்கேன், அருவாளாலயே சீவலாம்"னு ஆரம்பிச்சுட்டார். முடிவு பண்ணிட்டேன், குவாரிதான் போறோம்.

இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, கேன்யன் உள்ள நடக்கறது முட்டிக்கு முடியுமா. ரெண்டு, நாங்க சைவம், அந்தப்பக்கம் மதியம் என்ன சாப்பிடறது. மூணு, அப்பா அந்த கல்லு வெட்டறவங்ககிட்ட பேசணும்னு ஆசப்படறார், எங்க யாருக்கும் ஸ்பானிஷ் தெரியாது, டிப்ஸ் குடுத்தா தப்பா நெனப்பாங்களா?

லிமாவாசி:

வணக்கம்மா, நான் லிமால குடும்பத்தோட இருக்கேன், ஊர்ல இருந்து யார் வந்தாலும் அரெகிப்பாக்கு நான்தான் கூட்டிட்டு போவேன், இந்த ரூட் நாலு தடவ போயாச்சு.

கேன்யன்: குலெப்ரியாஸ்னா குட்டிப் பாம்புங்கன்னு அர்த்தம், பாதை அப்படித்தான் வளைஞ்சு வளைஞ்சு போகும், சில இடத்துல ரெண்டு கைய விரிச்சா ரெண்டு சுவரும் தொடற மாதிரி குறுகும். தரை மணல்தான், பெரும்பாலும் சமம், அங்கங்க ஒரு கல்ல தாண்டணும், ஒரு படி ஏற்ற மாதிரி இருக்கும். அப்பா ஒரு கைத்தடி வச்சுக்கிட்டா போயிடலாம், முடியலன்னா எந்த எடத்துலயும் திரும்பிடலாம், போன வழியேதான் வரணும். சுவத்துல பழைய கீறல் ஓவியம் இருக்கு, இன்காக்களுக்கும் முந்தி இருந்த வாரி மக்கள் காலத்துதுன்னு சொல்றாங்க, அதுலயும் பாம்பு வளைவு உண்டு. தயவுசெஞ்சு தொட வேண்டாம், கல்லு மெதுவு, கை பட்டுப் பட்டு தேஞ்சிரும், ஏற்கனவே சில கிறுக்கனுங்க பக்கத்துல பேரெல்லாம் கீறி வச்சிருக்கானுங்க, பாத்தாலே வயிறு எரியும்.

அம்மாக்கு: குவாரில வெள்ளப் பொடி பறக்கும், காத்து அடிச்சா கண்ணெல்லாம். நல்ல மாஸ்க், துணி மாஸ்க் இல்ல, கொண்டு வாங்க, வெட்டிட்டு இருக்கற எடத்துக்கு காத்து வர்ற பக்கமா நில்லுங்க, எதிர்ப்பக்கம் வேண்டாம். வேலை செய்யறவங்க பாதிப்பேர் மூக்க மூடாமத்தான் வெட்றாங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் அதுதான் மனசு கஷ்டமா இருக்கும். கூலிங் கிளாஸ், தொப்பி கட்டாயம், அந்த ஒசரத்துல வெயில் சுரீர்னு இருக்கும், வெள்ளக் கல்லு அத திருப்பி மூஞ்சிலயே அடிக்கும். நிழல் கெடையாது. காலைல போங்க, மதியம் ஆச்சுன்னா காத்து கெளம்பிடும்.

காசு: டூர் பணத்துல நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் சேராது, குவாரில தனி, கேன்யன்ல தனி, சில்லறையா சோல் (பெரு நாட்டுப் பணம்) வச்சுக்கங்க. மூணு பேர் இருக்கீங்க, குரூப் வேனுக்கு பதிலா ஓட்டல்ல சொல்லி ஒரு டாக்சிய அரை நாளுக்கு பேசி, தனியா ஒரு கைடையும் போட்டுக்கிட்டா உங்க அப்பா இஷ்டத்துக்கு நிக்கலாம். நான் அப்படித்தான் பண்ணுவேன். ஊர்சுத்தி சொன்ன கம்பளிக்கடை தொல்லையும் இருக்காது.

பேசறது: டிப்ஸ் தாராளமா குடுங்க, தப்பே இல்ல. இப்ப எல்லாரும் செங்கல் சிமெண்டுக்கு போயிட்டாங்க, இந்த கல்ல வாங்கறவங்க கம்மி, டூர்ல வர்ற காசுலதான் பல பேர் இந்தத் தொழில விடாம இருக்காங்க. சும்மா நோட்ட நீட்டறத விட அவங்க செதுக்கி வச்சிருக்கற சின்ன சாமான் ஒண்ணு வாங்குங்க. கீழ கெடக்கற கல்ல பொறுக்கிட்டு வராதீங்க. கல்லு வெட்டறவருக்கு அங்க காந்தேரோன்னு பேரு, வயசானவரா இருந்தா மாயேஸ்த்ரோன்னு கூப்பிடுங்க, நம்ம மேஸ்திரின்னு சொல்றோமே, போர்ச்சுகீஸ்காரன் விட்டுட்டுப் போன அதே வார்த்தையோட அண்ணன் தம்பிதான். அப்பாவ காட்டி "மி பாப்பா தம்பியேன் எஸ் அல்பஞ்ஞீல்"னு சொல்லுங்க, எங்க அப்பாவும் கொத்தனார்தான்னு அர்த்தம். அப்பறம் நீங்க பேச வேண்டியதே இருக்காது. ஆங், சில்லார்னு எழுதினாலும் அங்க சிய்யார்னுதான் சொல்லுவாங்க.

சாப்பாடு: அங்க ஒண்ணும் கெடைக்காது, டவுனுக்கு வந்துதான். சொல்தெரீத்தோன்னு ஒரு சாலட், மொச்சை மாதிரி பெரிய பயறு, சோளம், சீஸ், ஆலிவ் போட்டு, அது நல்லா இருக்கும். ஒகோப்பான்னு உருளைக்கிழங்கு மேல வேர்க்கடலை, சீஸ், ஒரு பச்சிலை அரைச்ச சாஸ் ஊத்தித் தருவாங்க, கிட்டத்தட்ட நம்ம சட்னிதான், ஆனா சில கடைல காஞ்ச எறால் சேத்து அரைப்பாங்க, கேட்டுக்கங்க. ரொகோத்தோ ரெயேனோ பாக்க குடமிளகா மாதிரி அழகா இருக்கும், உள்ள கறி, ஏமாந்துடாதீங்க. தெருவுல கேசோ எலாதோன்னு ஐஸ்கிரீம் விப்பாங்க, பேருலதான் சீஸ், பாலு தேங்கா பட்டை போட்டு பண்ணுறது, அம்மாக்கு புடிக்கும்.

சாயங்காலம் அப்பாவ கொம்பஞ்ஞியா சர்ச் முகப்புக்கு கூட்டிட்டு போங்க, 1698னு வருஷம் செதுக்கியே இருக்கும். காலைல குவாரில பச்சக் கல்லா பாத்தத சாயங்காலம் அங்க பூவும் கொடியுமா பாக்கறதுதான் இந்த ஒரு நாளோட சுவாரசியமே. நேரம் இருந்தா சாந்தா கத்தலீனா மடம், 1579ல ஆரம்பிச்சது, அது உள்ள ஒரு தெரு ஒரு தெருவா நடக்கலாம், சுவரு தடிமன் ஜன்னல்ல கைய விட்டு அளந்து பாருங்க.

கொத்தனார்மகள்:

போயிட்டு வந்துட்டோம்! மூணு வாரம் ஆச்சு, இப்பதான் எழுத நேரம் கெடச்சது, பதில் போட்ட எல்லாருக்கும் கோடி நன்றி.

லிமாவாசி அண்ணா சொன்ன மாதிரி டாக்சி பேசி காலைல 8 மணிக்கே கெளம்பிட்டோம். குவாரில இறங்குன உடனே அம்மா "என்னடி உப்பளம் மாதிரி கண்ணு கூசுது"ன்னாங்க. அப்பா ஒண்ணும் பேசல, நேரா சுவத்துகிட்ட போயி கைய வச்சு தடவிப் பாத்தார், விரல்ல வந்த பொடிய தேச்சுப் பாத்தார், மோந்தும் பாத்தார். கைடு சர்ச் முகப்பு முன்னாடி எங்கள நிக்க வச்சு போட்டோ எடுக்கணும்னு கூப்பிட்டார், அப்பா அந்தப் பக்கமே திரும்பல, தூரத்துல டங் டங்னு சத்தம் கேட்ட பக்கமா நடக்க ஆரம்பிச்சுட்டார்.

அங்க ஒரு பெரியவர், அப்பா வயசுதான் இருக்கும், நம்ம பெஞ்சு அளவுக்கு ஒரு பாறை முன்னாடி உக்காந்திருந்தார். நான் அந்த வாக்கியத்த திக்கித் திணறி சொன்னேன். அவர் சுத்தியல கீழ வச்சுட்டு எந்திரிச்சு அப்பாவோட ரெண்டு கையையும் புடிச்சு உள்ளங்கைய திருப்பிப் பாத்தார். அப்பறம் தன் கையையும் விரிச்சு பக்கத்துல வச்சு காட்டினார். ரெண்டும் ஒரே மாதிரி, அதே எடத்துல காப்பு காச்சிருக்கு.

அதுக்கப்பறம் ஒண்ணேகால் மணி நேரம். கைடு மொழிபெயர்க்க வந்தார், தேவையே படல. பாறைல ஒரு கோடு போட்டு, கோட்டுல வரிசையா சின்னக் குழி, குழில இரும்பு ஆப்பு, அப்பறம் சம்மட்டியால ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடி, திரும்ப மொதல்ல இருந்து. அப்பா என்கிட்ட "நம்ம ஊர்ல கருங்கல்லுக்கும் இதேதான்டா, ஆப்புக்குழி நெருக்கமா இருக்கும் அவ்ளோதான்"னார். ஒரு கட்டத்துல அப்பாவும் அந்தப் பெரியவரும் ஒரே நேரத்துல நிமிந்து பாத்துக்கிட்டாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, கேட்டா "சத்தம் மாறிடுச்சு, கல்லு விட்டுருச்சு"ன்னார். அடுத்த அடில ரெண்டா பொளந்துச்சு, கேக் வெட்டுன மாதிரி நேரா.

அப்பறம் அந்தப் பெரியவர் சம்மட்டிய அப்பாகிட்ட நீட்டினார். அப்பா செருப்ப கழட்டி ஓரமா வச்சுட்டு, கல்ல தொட்டு கும்பிட்டுட்டு வாங்கினார். வேலையவிட்டு 6 வருஷம் ஆச்சு, முட்டி வலிக்குதுன்னு வீட்ல குனிஞ்சு பேப்பர் எடுக்க மாட்டார், அன்னிக்கு அந்த ஆளு நாலு ஆப்ப எறக்குனார். அம்மா மாஸ்க்குக்குள்ளயே அழுதுட்டு இருந்தாங்க. கடைசில மூலமட்டம் வச்சு சதுரம் பாக்கறப்ப ஒரு பக்கம் நூல் அளவு தள்ளி இருந்தத அப்பா விரல வச்சு காட்டினார், அவர் சிரிச்சுட்டே அந்த எடத்த திரும்ப சீவினார்.

கேன்யன் பத்தியும் சொல்லணும். அம்மாவும் நானும் முழுசா போயிட்டு வந்தோம், ரொம்ப அழகு, ரோஸ் கலர் சுவரு நடுவுல மேல ஒரு கீத்து மாதிரி வானம், பேசினா எதிரொலிக்குது. நடை அரை மணி நேரத்துக்குள்ளதான். அப்பா பாதி தூரத்துலயே ஒரு கல்லுல உக்காந்துட்டார், அங்க ஒரு எடம் ஏற வேண்டியிருந்தது, முட்டி பிரச்சன இருக்கறவங்க அந்த எடத்த மனசுல வச்சுக்கங்க. எனக்கு கேன்யன்ல குறை ஒண்ணும் இல்ல, ஆனா நேரம் கம்மியா இருக்கறவங்க குவாரிக்கு அதிகமா ஒதுக்குங்க.

சாயங்காலம் கொம்பஞ்ஞியா முன்னாடி அப்பா அரை மணி நேரம் நின்னார். அம்மா ஐஸ்கிரீம் ரெண்டு வாங்கி ஒண்ணு அவருக்கு குடுத்தாங்க, உருகி கைல வழிஞ்சது கூட கவனிக்கல. அந்தப் பெரியவர்கிட்ட வாங்கின உள்ளங்கை அளவு சதுரக் கல்லு ஒண்ணு, இப்ப எங்க வீட்டு டிவி பக்கத்துல இருக்கு.

மழைக்குருவி:

அக்கா படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. நாங்க பிப்ரவரில போறோம், அப்ப இந்த டூர் போலாமா?

லிமாவாசி:

மழைக்குருவி, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் அங்க மழைக்காலம். மழை கம்மிதான், ஆனா அந்த கேன்யன் தண்ணி ஓடற ஓடைதான், மேல மலைல பேஞ்சா இங்க திடீர்னு வெள்ளம் வரும். காலைல வானத்த பாத்துட்டு, ஊர்ல கேட்டுட்டு, சந்தேகம்னா குவாரிய மட்டும் பாத்துட்டு வந்துடுங்க. அந்தப் பெரியவர பாத்தா திண்டுக்கல் மேஸ்திரி கேட்டாருன்னு சொல்லுங்க.